கன்னத்தில் ஓடும் குழாய்

வெடியை நான் முதன்முதலில் பார்த்தபோது அவள் ஒரு மாட்டின் கடைவாயில் கட்டைவிரலை நுழைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். மாட்டுக்கு உடம்பு இல்லை. தோலை உரித்துக் கழுவிய தலை மட்டும் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஆள் ஏதோ அசிங்கமாகச் சொல்லியிருக்கிறான். அதைவிட அசிங்கமாக ஒன்றைத் திருப்பிச் சொல்லிவிட்டு, தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள். கூடத்துத் தகரக் கூரை அதிர்ந்தது. வெடி என்ற பெயர் அந்தச் சிரிப்பால் வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும்தான் காதில் விழும்.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். முகம் சுளிப்பவர்கள் இப்போதே சுளித்து முடித்துக்கொள்ளட்டும், பின்னால் நேரம் இருக்காது. இறைச்சிக்கூடத்தில் மாட்டை வீழ்த்துவது ஒரு பக்கம், தலையைப் பிரிப்பது இன்னொரு பக்கம். தலைகள் மேலே ஓடும் கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நான் நாக்கு மேஜை. நாக்கை இழுத்து அறுத்து, அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொழகொழப்பை எல்லாம் செதுக்கி எறிய வேண்டும். அந்தக் கொழகொழப்புதான் எச்சில் சுரப்பி. வாயில் எச்சில் தானாக ஊறுகிறது என்றுதான் இந்த வேலைக்கு வரும்வரை நானும் நினைத்திருந்தேன். தானாக எதுவும் ஊறாது. மூன்று ஜோடிச் சுரப்பிகள் உட்கார்ந்து ஊற்றுகின்றன. காதுக்கு முன்னால் பெரியது, தாடைக்கு அடியில் அடுத்தது, நாக்குக்குக் கீழே சின்னது. பின்னால் சொன்ன இரண்டும் என் கத்திக்கு. காதோரத்துப் பெரியது வெடியின் மேஜைக்கு.

வெடி கன்னம் எடுப்பவள். இடது கையில் இரும்பு வலைக் கையுறை. அந்தக் கட்டைவிரலை மாட்டின் கடைவாயில் கொடுத்துக் கன்னத்தை இழுத்து விறைப்பாக்க வேண்டும். பிறகு கத்தியைக் காதுக்கு முன்னால் வைத்து வாய்ப்பக்கம் ஒரே இழுப்பு. அந்த இடத்தில் வெறும் சதைதான். பெரிய சுரப்பியிலிருந்து வாய்க்குப் போகும் எச்சில் குழாய் அந்த வழியாக வராது. மாட்டுக்கு அது தாடையின் அடி ஓரமாகச் சுற்றிப் போய், முன்பக்கம் மேலே ஏறி வாய்க்குள் நுழையும். கத்தி கீழே நழுவிக் குழாயில் பட்டால் எச்சில் சதையெல்லாம் வழிந்துவிடும். சோதனைக்கு நிற்கும் கால்நடை மருத்துவர் அந்தக் கன்னத்தைக் கழிவுத் தொட்டியில் போடச் சொல்லிவிடுவார். குழாயைத் தொடாமல் கன்னம் எடுக்கத் தெரிந்தவருக்குத்தான் எங்களிடம் கத்திக்காரர் என்று பெயர்.

கத்திக்காரர்களிலும் ஒருவன் முதல் கொக்கியில் நிற்பான். வரிசையின் வேகம் அவன் கையில் இருக்கும். வெடியின் புருஷன்தான் அப்போது முதல் கொக்கி. எந்நேரமும் சாணைக்கல்லில் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருப்பதால் அவனுக்குச் சாணை என்று பெயர். கை சுத்தம். அதை மறுக்க மாட்டேன். அவன் எடுத்த கன்னம் ஒன்றுகூடத் தொட்டிக்குப் போனதில்லை. அந்தப் பெருமையில் அவனுக்குத் தலைகால் புரியாது. சாப்பாட்டு நேரத்தில்கூட, "என் கையில இதுவரைக்கும் ஒரு குழாய் அறுந்திருக்கா? எவனாவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்பான். பார்த்ததில்லை என்று எல்லோரும் சொன்ன பிறகுதான் சோற்றில் கை வைப்பான்.

கூடத்தில் அவ்வளவு சுத்தமான கை வீட்டில் அப்படியில்லை.

அவர்கள் வீடு என் வீட்டுக்கு அடுத்தது, அதே மாடியில். ஒரே அறை, அதைத் தடுத்து ஒரு சமையலிடம், முன்னால் எல்லோருக்கும் பொதுவான நீளமான நடை. சுவர் என்று பெயருக்கு ஒன்று இருந்தது. அந்தப் பக்கம் தட்டு விழுந்தால் இந்தப் பக்கம் என் தூக்கம் போகும். குடித்த நாளில் அடிப்பான், குடிக்காத நாளில் காரணம் சொல்லி அடிப்பான். ஒருமுறை அவளுடைய விலா எலும்பு உடைந்தது. ஒருமுறை தலைமுடியைக் கையில் சுற்றிக் கதவு நிலையில் மோதியதில் முன்பல் ஒன்று பாதி போயிற்று. வெடியும் வாயைக் கட்டிக்கொண்டு அழுகிற ஜாதியில்லை. இரும்புக் கரண்டியால் போட்டதில் அவன் தோள் எலும்பு விரிசல் விட்டு, ஒரு மாதம் கையைத் துணியில் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தான். அந்த ஒரு மாதமும் வீடு நிம்மதியாக இருந்தது. என்னைக் கேட்டால் இரண்டு தோளையும் உடைத்திருக்க வேண்டும்.

அவர்களுக்கு ஒரே பெண். சின்னது என்று கூப்பிடுவோம். சத்தம் தொடங்கியதும் பள்ளிக்கூடப் பையை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடும். என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு வாய்ப்பாடு ஒப்பிக்கும்.

சாணை வேலைக்குக் குடித்துவிட்டு வர ஆரம்பித்தான். கத்தி பிடிக்கிற இடத்தில் அது நடக்காது. ஒரு நாள் பக்கத்து ஆளின் விரலைச் சீவிவிடப் பார்த்தான். மேஸ்திரி அவனைக் கத்தியிலிருந்து இறக்கி, ரத்தம் வடிகிற தளத்தில் தண்ணீர் பீய்ச்சும் வேலைக்கு அனுப்பினார். முதல் கொக்கி யாருக்கு என்று பேச்சு வந்தது. வெடியைத் தவிர வேறு பெயரை யாரும் சொல்லவில்லை. மேஸ்திரி அவளைக் கூப்பிட்டு, சாணை நின்ற இடத்தில் நிற்கச் சொன்னார். அன்று அவள் சிரித்த சிரிப்பு ரத்தத் தளம்வரை கேட்டிருக்கும். கேட்டதுதான் வினை.

அடுத்த விடுமுறை நாள், பட்டப்பகல். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வழக்கமான சத்தம் எதுவும் இல்லை. ஒரு தட்டு விழவில்லை, ஒரு வசவு இல்லை. பிறகு ஒரு அலறல், ஆணின் குரலில். என்னடா இது, இவள்தான் அவனைப் போட்டுவிட்டாளோ என்று ஒரு கணம் மனசு குளிர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன்.

அவன் சுவரோரம் நின்று இடது கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தான். விரலில் ரத்தம். அவள் தரையில் மண்டியிட்டிருந்தாள். இடது கன்னம் காதின் முன்னாலிருந்து வாய்ப்பக்கமாகத் திறந்து கிடந்தது. உதடுவரை போகவில்லை, நடுக்கன்னம் தாண்டியதும் நின்றிருந்தது. நேரான, நேர்த்தியான கோடு. கழுத்து, மார்பு, மடி எல்லாம் சிவப்பு. என் கண்ணில் தினமும் படுகிற வெட்டு அது. மனித முகத்தில் அன்றுதான் பார்த்தேன்.

நடந்ததைப் பிற்பாடு அவள் சொன்னாள். பின்னாலிருந்து வந்து அவளை முழங்காலால் அழுத்தி, கடைவாயில் கட்டைவிரலைக் கொடுத்திருக்கிறான். மேஜையில் தலையைப் பிடிக்கிற அதே பிடி. என்ன செய்யப்போகிறான் என்று அந்த விரல் உள்ளே வந்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. வீட்டில் அவன் கையில் வலைக் கையுறை இல்லையே. எலும்பு தட்டும்வரை கடித்தாள். ஆனால் கத்தி அதற்குள் இழுத்து முடித்துவிட்டது.

என்னைப் பார்த்ததும் அவன் சொன்னது இதுதான்: "ஒண்ணும் ஆகாதுக்கா. வெறும் சதை. ஆறிடும். முதல் கொக்கியில நிக்கும்போது எல்லாரும் பாக்கட்டும்."

கையில் கிடைத்த வாளியை அவன் மேல் எறிந்தேன். முழங்காலில் பட்டது. பிறகு துண்டைச் சுருட்டி அவள் கன்னத்தில் அழுத்திக்கொண்டு, படியிறங்கி, வண்டி பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே எங்களுக்கு முன்னால் வந்து நின்றார் அவளுடைய அண்ணன். லாரி ஓட்டுபவர். தங்கச்சி மேல் உயிர், ஆனால் ஊர்வாய்க்குப் பயம். சாணைதான் அவருக்குப் போன் பண்ணியிருக்கிறான். அவள் முகத்தைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்து கண்ணீர் விட்டார். விட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"கண்ணாடி மேல விழுந்துட்டேன்னு சொல்லும்மா. போலீஸ் கேஸ்னு போனா அவன் உள்ள போயிடுவான். ஜெயிலுக்குப் போனவன் பொண்ணுன்னு சின்னதை நாளைக்கு எவன் மதிப்பான்? நான் அவனைப் பாத்துக்கறேன்."

"என்னத்தைப் பாத்துக்குவீங்க? இன்னொரு கன்னம் பாக்கியிருக்கே, அதையா?" என்று கேட்டேன்.

"நீங்க மூக்கை நுழைக்காதீங்கம்மா. இது குடும்ப விஷயம்."

வெடிக்கு ரத்தம் போய்த் தலை சுற்றிக்கொண்டிருந்தது. சின்னதின் பெயரைச் சொன்னதும் தலையை ஆட்டிவிட்டாள். கண்ணாடி என்றே சொன்னாள். அவசரப் பிரிவில் அன்று ஒரு பேருந்து விபத்து. வராந்தாவெல்லாம் ஆட்கள் முனகிக்கொண்டு கிடந்தார்கள். கண்ணாடி என்று கேட்ட இளம் டாக்டர், சில்லு ஏதும் உள்ளே இருக்கிறதா என்று கிளறிப் பார்த்து, கழுவி, அழகாகத் தைத்து அனுப்பினார். கண்ணாடி என்றவளிடம் சில்லைத்தான் தேடுவார்கள், குழாயை யார் தேடுவது?

சில நாளில் வெடி கொஞ்சம் மென்று சாப்பிட ஆரம்பித்தாள். முதல் கவளத்திலேயே கன்னம் புடைத்தது. இரண்டாவதில் தையலின் இடையில் ஒரு சொட்டு வந்தது. சீழ் என்று நினைத்துத் துடைத்தாள். சீழ் இல்லை. தெளிவான தண்ணீர். மெல்ல மெல்ல ஒழுகிக்கொண்டே இருந்தது. மெல்வதை நிறுத்தினால் அதுவும் நின்றது.

"அம்மா, உங்க கன்னம் அழுவுது" என்றது சின்னது.

காயம் ஆறி வடுவாகியும் வடுவின் நடுவில் ஊசித்துளை மாதிரி ஒன்று திறந்தே இருந்தது. வேலைக்குத் திரும்பினாள். முதல் கொக்கியில் போய் நின்றாள். மேஸ்திரி தடுக்கவில்லை. ஆனால் சாப்பாட்டு மணி அடித்ததும், யாரோ அவிழ்த்த பொட்டலத்தின் வாசனைக்கே அவள் கன்னத்தில் நீர் இறங்கியது. இறங்கி, தாடையில் நின்று, கொக்கியில் தொங்கிய தலையின் மேல் விழுந்தது. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டார். நல்ல மனிதர்தான், சங்கடப்பட்டார். இறைச்சி மேல் மனித எச்சில் விழக்கூடாது, அது விதி. அவளை வரிசையிலிருந்து இறக்கினார்கள். சாணைக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அன்று ரத்தத் தளத்தில் விசிலடித்துக்கொண்டே தண்ணீர் பீய்ச்சினான்.

நான் அவளை இழுத்துக்கொண்டு வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே முகத்தைப் பார்க்கிற டாக்டரம்மா ஒருவர். எலுமிச்சம்பழத்தை நறுக்கி வெடியின் நாக்கில் ஒரு சொட்டு பிழிந்தார். கன்னத்துத் துளையில் உடனே நீர் எட்டிப் பார்த்தது. டாக்டரம்மா தலையசைத்தார்.

"காதுக்கு முன்னாடி பெரிய எச்சில் சுரப்பி இருக்கு. அதோட குழாய் கன்ன எலும்புக்கு ஒரு விரல் கீழ, இந்த மெல்ற சதை மேல குறுக்கா ஓடி, சதை முடியற இடத்துல உள்ள திரும்பி, மேல் கடைவாய்ப் பல்லுக்கு நேரா திறக்குது. உங்களுக்கு அது நடுவுல அறுந்திருக்கு. வாய்க்குப் போக வேண்டிய எச்சில் வெளிய வழி பண்ணிக்கிச்சு."

வெடி அவரை முறைத்தாள். "சதை மேல குறுக்காவா? தாடைக்குக் கீழ இல்லையா?"

"ஏன், கீழன்னு யார் சொன்னா?"

"மாட்டுக்கு அப்படித்தான் டாக்டர்."

"அப்படியா?" என்று அவர் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு வெடியின் விரலைப் பிடித்து அவளுடைய நல்ல கன்னத்தில் வைத்தார். "பல்லைக் கடிங்க. சதை விறைக்குதா? இப்ப விரலை மேலயும் கீழயும் உருட்டுங்க. ஒரு நூல் மாதிரி நழுவுதா?"

நழுவியது. நானும் என் கன்னத்தில் உருட்டிப் பார்த்தேன். இத்தனை தலைகளைப் பார்த்த எனக்கு என் முகத்தில் இருக்கிறது தெரியாமல் போயிற்று. அந்தச் சுரப்பிக்குள்ளேயே முகத்தை அசைக்கும் நரம்பும் ஐந்தாகப் பிரிந்து போகிறதாம், விரித்த விரல்கள்போல. ஒரு சின்னக் கிளை குழாயோடு சேர்ந்து அறுந்ததால்தான் வெட்டு விழுந்த நாளிலிருந்து வெடிக்குச் சிரிக்கும்போது மேலுதட்டின் இடது ஓரம் எழும்பவில்லை. கத்தி இன்னும் காதுப்பக்கம் ஆழமாக இறங்கியிருந்தால் பாதி முகமே தொங்கியிருக்கும் என்றார்.

"சரி பண்ண முடியுமா?" என்றேன்.

"குழாயை உள்பக்கமா திருப்பி விடப் பாக்கலாம். அறுவை சிகிச்சைக்கு நாள் தர்றேன். உதட்டுக்கு உறுதி சொல்ல மாட்டேன்." வெடியின் முகத்தையே பார்த்தார். "இது கண்ணாடி வெட்டு இல்லம்மா. ஆனா அதை நீங்கதான் சொல்லணும்."

திரும்பும் வழியெல்லாம் வெடி தன் நல்ல கன்னத்தில் விரலை உருட்டிக்கொண்டே வந்தாள். வீட்டுக் கதவு திறந்திருந்தது. சாணை கட்டிலில் உட்கார்ந்திருந்தான். சின்னது அவன் முன்னால் நின்றது. அவனுடைய இடது கட்டைவிரல், வெடி கடித்த தழும்போடு, சின்னதின் கடைவாய்க்குள் இருந்தது. கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"உனக்கும் ஒரு கோடு போட்டுடலாமா? அம்மாவும் பொண்ணும் ஜோடியா இருப்பீங்க. சும்மா விளையாட்டுக்குடி, ஏன் நடுங்கற?"

சின்னது நடுங்கவில்லை. கண் மூடாமல், மூச்சு விடாமல், கட்டை மாதிரி நின்றது. வாயோரம் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. வெடி போய் அவன் மணிக்கட்டைப் பிடித்து விரலை வெளியே எடுத்தாள். பிள்ளையை என் பக்கம் தள்ளினாள். அவன் எழுந்து அவள் வயிற்றில் உதைத்தான். அவள் மடங்கி விழுந்து, எழுந்து, மீண்டும் உதை வாங்கி, தவழ்ந்து வெளியே வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். உள்ளேயிருந்து அவன் கதவை உதைத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போலாம்" என்றாள்.

அந்த நிலையத்தின் அதிகாரி ஒரு பெண். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "நீங்களே ஆஸ்பத்திரியில கண்ணாடின்னு சொல்லியிருக்கீங்க. புருஷனும் அதையே சொல்வாரு. பிள்ளைகிட்ட பண்ணதை விளையாட்டும்பாரு. இதை வச்சு நான் அவரை எத்தனை நாள் உள்ள வைக்க முடியும்? நாளைக்கு எல்லாரையும் வரச் சொல்றேன்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பொய்யை முதலில் சொல்லிவிட்டால் அப்புறம் உண்மைதான் பொய் மாதிரி முழிக்கும்.

அதிகாரி அனுப்பிய காவலர் வந்து தாழைத் திறந்து, காலையில் வரச் சொல்லி சாணையை எச்சரித்துவிட்டுப் போனார். அன்று இருவரும் என் வீட்டில் தங்கினார்கள். காலையில் கிளம்பும்போது வெடி என் சமையலிடத்திலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பாதியாக நறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அக்கா, அவன் கையைக் குறை சொன்னா அவன் என்ன பண்ணுவான்?"

"குதிப்பான். வேற என்ன பண்ணுவான்?"

"அது போதும்" என்றாள்.

நிலையத்தின் உள்ளறையில் ஒரு மேஜை, நான்கு நாற்காலி. சின்னதை வெளிப் பெஞ்சில் ஒரு பெண் காவலர் பக்கத்தில் உட்கார வைத்தோம். சாணை தலையை வாரி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்திருந்தான். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருவரும் கண்ணாடி என்றார்கள். ஜன்னல் கண்ணாடி, துடைக்கும்போது கால் தடுக்கியது, எல்லாம் பொருத்தமாக இருந்தது. அதிகாரி வெடியைப் பார்த்தார். இன்று இவர் கைவிட்டால் மாலையில் அவன் அதே அறைக்குத்தான் போவான். அந்த அறையில்தான் சின்னதும் தூங்க வேண்டும். நான் பயந்தேன், சொல்வதற்கென்ன.

வெடி நிதானமாகச் சொன்னாள்: "சரி மேடம், கண்ணாடின்னே வச்சுக்குங்க. ஆனா டாக்டரம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? இதை ஒரு ஆள் அறுத்திருந்தா, கத்தி பிடிக்கவே தெரியாத கழுதையாத்தான் இருப்பான்னாங்க. எச்சில் குழாயைக் குறுக்கால வெட்டித் தொலைச்சிருக்கானாம்."

டாக்டரம்மா அப்படி எதுவும் சொல்லவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

சாணையின் கழுத்து நிமிர்ந்தது. "எந்தக் குழாய்?"

"எச்சில் குழாய்."

"அங்க ஏது குழாய்? மேடம், இவ புளுகுறா. அந்த இடத்துல சதையைத் தவிர ஒண்ணும் கிடையாது."

"மாப்பிள்ளை, சும்மா இருங்க" என்றார் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"இல்ல மச்சான், தொழில் தெரியாதவ மாதிரி பேசுறா பாருங்க!"

வெடி முந்தானையை அவிழ்த்தாள். எலுமிச்சம்பழத்தை வாயில் வைத்துக் கடித்தாள். அவள் இடது கன்னம் மெல்லப் புடைத்தது. வடுவின் நடுவில் ஒரு முத்து பிறந்தது. உருண்டது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு கோடாக இறங்கி, தாடையில் சேர்ந்து, மேஜை மேல் சொட்டியது. அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாணை திருப்பிக்கொள்ளவில்லை. எழுந்து வந்தான். மேஜையில் தலை வந்து நின்றால் எப்படிக் குனிந்து பார்ப்பானோ அப்படிக் குனிந்து பார்த்தான். தன்னை அறியாமல் இடது கை உயர்ந்தது. அந்த நேரத்தில் அவனுக்கு அறையில் வேறு யாரும் இல்லை.

"அது எப்படி? தாடைக்குக் கீழதானே போகும்? நான் பாத்துத்தானே போட்டேன்! கீழ இறங்கவே இல்லையே, சதையில மட்டும்தானே இழுத்தேன்..."

மேஜை மேல் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"மாட்டுக்குத்தான்டா அது கீழ போகும்" என்றாள் வெடி. "நான் மனுஷி."

அவனுக்கு அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. உறைத்ததும் பாய்ந்தான். நாற்காலியோடு அவளைத் தள்ளி வீழ்த்தினான். வாயைப் பொத்த வந்த இடது கையின் கட்டைவிரல் மீண்டும் அவள் பற்களுக்கு இடையில் போய்ச் சேர்ந்தது. இந்த முறை அவள் விடவில்லை. அவன் மறு கையால் அவள் காதில், நெற்றியில், வடுவின் மேலேயே குத்தினான். குத்தக் குத்த அவள் தாடை இறுகியது. காவலர்கள் ஓடி வருவதற்குள் அண்ணன் அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துப் பின்னால் இழுத்து, மேஜை விளிம்பில் அவன் முகத்தை ஒருமுறை மோதினார். நானும் சும்மா நிற்கவில்லை. என் செருப்பு அவன் முதுகில் எத்தனை முறை விழுந்தது என்று எனக்கே தெரியாது. கடைசியில் நான்கு பேர் அவனைத் தரையில் அழுத்தி விலங்கு மாட்டினார்கள். வெடி விரலைத் துப்பிவிட்டு எழுந்தாள். விரல் அவன் கையில்தான் இருந்தது, ஆனால் இனி அது எந்தக் கன்னத்தையும் இழுத்துப் பிடிக்காது.

அண்ணன் மூச்சு வாங்க அதிகாரியிடம் சொன்னார்: "கண்ணாடி இல்ல மேடம். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். என்னையும் எழுதிக்குங்க." பிறகு தங்கச்சியின் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். வெடி அவரைத் தேற்றவில்லை. நானும் தேற்றவில்லை.

இழுத்துக்கொண்டு போகும்போதும் சாணை திரும்பித் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தை இல்லை, அந்தத் துளையை. "கீழதானே போகும்" என்று காவலரிடம் சொல்லிக்கொண்டே போனான். அவர் அவன் பிடரியில் ஒன்று வைத்து உள்ளே தள்ளிப் பூட்டினார்.

வெளியே வெயில் கொளுத்தியது. சின்னது பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தது. உள்ளே நடந்த சத்தம் முழுக்கக் கேட்டிருக்கும். இரண்டு காதிலும் கை.

வெடி அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். உதட்டில் ரத்தம், கன்னத்தில் எச்சில், நெற்றியில் வீக்கம். சின்னது கையை எடுத்தது.

"அப்பா வீட்டுக்கு வர்றாரா?"

"வரமாட்டான்."

சின்னது அதை நம்பலாமா என்று என்னைப் பார்த்தது. நான் தலையசைத்தேன். அப்போதும் அது வாயை இறுக்கியே வைத்திருந்தது. முந்தின நாளிலிருந்து அப்படித்தான், சாப்பிடக்கூடச் சரியாகத் திறக்கவில்லை. வெடி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மெல்ல அதன் கன்னத்தில் ஒரு விரலை வைத்தாள். பிள்ளை விலகவில்லை.

"பல்லை நல்லாக் கடிடா செல்லம். அப்படித்தான்."

கன்ன எலும்புக்கு ஒரு விரல் கீழே, விறைத்த சதையின் மேல், விரலை மேலும் கீழும் உருட்டினாள். ஒரு பக்கம் பார்த்தாள். பிறகு மறு பக்கமும் பார்த்தாள். அவள் கன்னத்தில் நீர் இறங்கிக்கொண்டே இருந்தது. இந்த முறை இரண்டு கன்னத்திலும்.

"என்னம்மா தேடுறீங்க?" என்றது சின்னது, பல்லைக் கடித்தபடியே.

"ஒண்ணுமில்லடி" என்றாள். "இருக்கு. ரெண்டும் இருக்கு."